நட்சத்திரம் ஒரு விளக்கா?

அன்று காலை கோர்ட்டில் இருந்தவர்கள் இவர்கள்: மேடையில், ஜலதோஷத்தோடு நீதிபதி. அவருக்குக் கீழே கட்டுக்கட்டாகக் காகிதம் வைத்திருந்த கிளார்க். வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலி. எங்கள் மேல் கேஸ் எழுதிய போலீஸ்காரர். வேறு ஏதோ வேலையாக வந்து, கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த வக்கீல் ஒருவர். லைட் இல்லாமலோ டபுள்ஸ் ஏற்றிக்கொண்டோ சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டவர்கள் பதினைந்து பேர். அப்புறம் நான், என் மச்சான். மொத்தம் இருபத்திரண்டு. எங்கே போனாலும் முதலில் ஆட்களை எண்ணிவிடுவது என் வழக்கம். நாளைக்கு ஏதாவது என்றால் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா.

இருபத்து மூன்றாவதாக, சுவரில் சாய்ந்தபடி ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இருந்தது. நாலடி உயரம். மூங்கில் சட்டம், சிவப்பும் மஞ்சளுமாகக் கலர் பேப்பர். ஐந்து முனைகளில் ஒன்றை எலி தின்றிருந்தது.

அந்த நட்சத்திரம் எப்படிக் கோர்ட் ஏறியது என்று சொல்ல மூன்று வாரம் பின்னால் போக வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். சென்னையில் ஒரு அரசு ஆபீசில் ஆறு வருடமாகத் தினக்கூலியில் இருந்தேன். ஃபைல் தூக்குவது, டீ வாங்கி வருவது, மின்விசிறிக்கு எண்ணெய் விடுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரைப் பற்றி அண்ணன்மார்கள் சொன்ன கதைகளே காரணம். அவரை நான் நேரில் பார்த்தது கூடக் கிடையாது. நல்லவேளையாக அந்த வேலைக்கு எட்டாவது பாஸ் போதும். என்னிடம் படிப்பு மிகச் சரியாக இருந்தது, ஒரு வகுப்பு கூட மிச்சமில்லாமல்.

அந்த டிசம்பரில் எங்கள் சபை கேரல் கிளம்பியது. வீடு வீடாகப் போய்ப் பாடுவது. எனக்குக் குரல் கிடையாது என்பதால் நட்சத்திரம் எனக்கும் மச்சானுக்கும் வந்தது. மச்சான் என்றால் என் தங்கை புருஷன். குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. என் வயதுதான். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். எனக்கு இல்லாத தைரியம் முழுவதும் அவருக்கு இருந்தது, அவருடைய பங்கோடு சேர்த்து.

கிழக்குத் தாம்பரத்தில் ஒருவர் நட்சத்திரம் கட்டி வைத்திருந்தார். அதற்குள் எரிகிற பல்புக்கு, பக்கத்திலேயே பேட்டரி சார்ஜ் போடும் கடையில் ஒரு சின்ன பேட்டரி வாடகைக்குக் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஆறு ரூபாய். கடைக்காரர் ஒயரை முறுக்கி இணைத்து, பல்பு எரிவதைக் காட்டிவிட்டு, "கை வைக்காதீங்க. எடுத்தா மறுபடி மாட்டத் தெரியாது உங்களுக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. வீடு போய்ச் சேரும்வரை அணைக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. என் சைக்கிளில் டைனமோ போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. லைட் இல்லாமல் போனால் பிடிக்கிற காலம் அது. இருட்டுகிற நேரத்தில் கிளம்புகிறோமே என்று கடையிலேயே மச்சானிடம் சொன்னேன்.

"இன்னா மச்சான் நீ. தலைக்கு மேல இம்மாம் பெரிய லைட்டு கீது. எவன் புடிப்பான்?"

அது நியாயமாகத்தான் பட்டது. பேட்டரியை ஒயர் கூடையில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டினேன். ஒயர் என் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. மச்சான் கேரியரில் உட்கார்ந்து நட்சத்திரத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சேலையூர் தாண்டும்போது தெருவோரம் நின்ற இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள்.

கேம்ப் ரோடு முனையில் போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"லைட் இல்ல. டபுள்ஸ். ரெண்டு கேஸ்."

"சார், லைட் இருக்குங்களே" என்றேன். மேலே கை காட்டினேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். நட்சத்திர வெளிச்சத்தில் அவர் மூக்கு ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் இருந்தது.

"அது நட்சத்திரம்யா. லைட்டுன்னா சைக்கிள்ல இருக்கணும். இது அவர் கையில இல்ல இருக்கு."

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. பண்டிகை சமயத்தில் இரண்டு குற்றத்துக்குப் பிடிபட்டால், போலீஸ்காரர் மனது வைத்து ஒன்றை மட்டும் எழுதிக்கொள்வார். எது என்பதைப் பிடிபட்டவரே சொல்லலாம். கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்பது போலத்தான் கேட்பார்கள்.

"பண்டிகை நேரம். ஒண்ணு எழுதிக்கிறேன். எது வேணும், லைட்டா டபுள்ஸா?"

நான் யோசிக்க ஆரம்பித்தேன். என்னை யோசிக்க விட்டால் ஈஸ்டர் வந்துவிடும் என்று மச்சானுக்குத் தெரியும். "எது சார் கம்மி?" என்று கேட்டார்.

"லைட்டுக்கு இருபது போடுவாங்க. டபுள்ஸுக்கு இருபத்தஞ்சு."

"லைட்டே எழுதிக்கோங்க சார்" என்றார் மச்சான், அஞ்சு ரூபாய் சம்பாதித்துக் கொடுத்த மாதிரி என் முதுகில் தட்டி.

போலீஸ்காரர் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்திலேயே நோட்டை விரித்து, 'விளக்கு இல்லாமல்' என்று எழுதினார். மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டுக்கு வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்.

இதோடு போயிருந்தால் இருபது ரூபாயைக் கட்டிவிட்டு மறந்திருப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அதே வாரம் ஆபீசில் எங்களை நிரந்தரம் செய்வதற்கான பாரம் வந்தது. ஆறு வருடமாகக் காத்திருந்த பாரம். பன்னிரண்டாவது கேள்வி: எந்த நீதிமன்றத்திலாவது தண்டிக்கப்பட்டது உண்டா?

பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செக்‌ஷன் சூப்பிரண்டு அம்மாவிடம் போனேன். "மேடம், சைக்கிளுக்குப் போடுற ஃபைன் எல்லாம் தண்டனையில் சேருமா மேடம்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கோர்ட்ல போட்டா தண்டனைதான். பெருசா சின்னதான்னு பாரம் கேக்கலையே. ஏன், என்ன பண்ணே?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

அன்று மின்சார ரயிலில் தாம்பரத்தில் இறங்க மறந்து பெருங்களத்தூர் வரை போய்விட்டேன்.

மச்சானுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "ஃபைனைக் கட்டு. பாரத்துல இல்லைன்னு எழுது. எவன் போய்ப் பாக்கப் போறான்?"

"போலீஸ் விசாரணை வரும் மச்சான். அதே போலீஸ்காரரே வந்தாருன்னா?"

"அப்ப ஆமான்னு எழுது."

"எழுதினா வேலை போச்சே."

"சரியான பேஜார்ப்பா உன்னோட. அப்ப ஒண்ணுதான் கீது. கோர்ட்ல போய் நான் குத்தம் செய்யலன்னு சொல்லு. லைட்டுதான் இருந்துச்சே."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. லைட் இருந்தது உண்மைதானே. ஆனால் வெறும் வாய் வார்த்தையை ஜட்ஜ் நம்புவாரா? நட்சத்திரத்தைக் கொண்டுபோக வேண்டும். எரிந்தது என்று எப்படிக் காட்டுவது? பேட்டரியையும் கொண்டுபோக வேண்டும். வேறு பேட்டரி போட்டால் 'இது அன்றைக்கு எரிந்தது இல்லையே' என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டால்? அதே பேட்டரிதான் வேண்டும்.

கேரல் நடந்த மூன்று நாள் வாடகையைச் சபை கொடுத்துவிட்டது. அதற்கு மேல் பதினெட்டு நாள் என் கணக்கு. 'லைட்டே எழுதிக்கோங்க' என்று சொன்னது தான்தானே என்று மச்சானுக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். "வாடகையில பாதி நான் தர்றேன் மச்சான். வார்த்தைன்னா வார்த்தை" என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்தது, புது வருடம் முடிந்தது, ஊரில் எல்லார் வீட்டு நட்சத்திரமும் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் கட்டிலுக்கு மேல் தொங்கியது. மைதா பசை போட்டு ஒட்டியதால் எலிக்கு அதன் மேல் ஒரு கண். நான் ஆபீசுக்குப் போன நேரத்தில் ஒரு முனையை முடித்துவிட்டது. அதற்கப்புறம் என் மனைவிக்கு அதைக் காவல் காக்கும் வேலையும் சேர்ந்தது. "இந்த வீட்ல எனக்கு ஒரு வளையலைக் கூட இப்படிப் பத்திரமா வெச்சதில்ல" என்றாள்.

கோர்ட்டுக்குப் போன நாள் பஸ்ஸில் கண்டக்டர் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் எடு" என்றார்.

"கனமே இல்லீங்க, தூக்கிப் பாருங்க" என்றேன்.

"கனம் யாருக்கு வேணும்? எத்தினி பேர் நிக்கிற எடத்தை அடைச்சுகினு கீது பாரு."

"இது சாட்சிங்க. கோர்ட்டுக்குப் போகுது."

"சாட்சிக்கெல்லாம் ஃப்ரீ கெடையாது. எடு."

எடுத்தேன். அந்த டிக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

கோர்ட்டில் சைக்கிள் கேஸ்கள் நெல் குத்துகிற வேகத்தில் நடந்தன. டவாலி பெயரைக் கூப்பிடுவார். ஆள் போய் நிற்பார். "ஒத்துக்கிறியா?" "ஆமாங்கய்யா." "இருபது." அடுத்த பெயர். "ஒத்துக்கிறியா?" "ஆமாங்கய்யா." "இருபத்தஞ்சு." நீதிபதி தலையைத் தூக்குவதே தும்முவதற்கு மட்டும்தான். பதினைந்து பேரும் பத்து நிமிஷத்தில் முடிந்தார்கள். ஃபைன் கட்டி ரசீது வாங்க வேண்டும் என்பதால் யாரும் வெளியே போகவில்லை.

என் பெயர் வந்தது. மச்சான் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஒத்துக்கிறியா?"

"இல்லீங்கய்யா."

கிளார்க் ஏற்கனவே இருபது என்று எழுதிவிட்டார் போலிருக்கிறது. அவருடைய பேனா நின்றது. போலீஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்றவனைப் பார்ப்பது போல ஒரு திகைப்புதான். தூங்கிக்கொண்டிருந்த வக்கீல் விழித்துக்கொண்டார்.

நீதிபதி முதல் முறையாக நிமிர்ந்தார். "ஏன்?"

ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. "லைட் இருந்துதுங்கய்யா. இதுதாங்கய்யா அது" என்று மட்டும் சொன்னேன்.

நீதிபதி நட்சத்திரத்தைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது எரியுமா?"

மச்சானுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கூடையிலிருந்து பேட்டரியை எடுத்து, ஒயரை முறுக்கினார். எரியவில்லை. என் உயிர் போய்விட்டது. கடைக்காரர் சொன்னாரே, மாட்டத் தெரியாது என்று. மச்சான் ஒயரைப் பல்லால் சுரண்டி மறுபடி முறுக்கினார். எரிந்தது. காலை பதினொரு மணிக்குக் கோர்ட் முழுவதும் சிவப்பும் மஞ்சளும். எலி தின்ற முனை வழியாக வெள்ளையாக ஒரு வெளிச்சம் நேராகக் கிளார்க் முகத்தில் அடித்தது. அவர் கையால் மறைத்துக்கொண்டார்.

"எரியுது" என்றார் நீதிபதி. பிறகு கிளார்க்கிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார். அந்த நேரத்தில் நான் ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். பதினொன்று.

"இருட்டினப்புறம் சைக்கிள்ல எரியுற விளக்கு இருக்கணும்னு போட்டிருக்கு" என்றார். "விளக்குன்னா என்னன்னு போடலை. டைனமோன்னு போடலை. வட்டமா இருக்கணும்னும் போடலை." போலீஸ்காரரைப் பார்த்தார். "இவர் வர்றது உமக்கு எவ்வளவு தூரத்துல தெரிஞ்சுது?"

"சேலையூர்ல திரும்பும்போதே தெரிஞ்சுதுங்கய்யா."

"இந்தச் சட்டம் எதுக்குப் போட்டிருக்கு? எதிர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியணும், இடிச்சுக்கக் கூடாதுன்னு. தெரிஞ்சுதே."

போலீஸ்காரரும் விடவில்லை. அவரும் சட்டம் படித்த மனிதர்தான். "அய்யா, சைக்கிள்ல இருக்கணும்னு இருக்குதுங்க. இது சைக்கிள்ல இல்ல. இவர் மச்சான் கையில இருந்துச்சு."

நியாயமான வாதம். எனக்கே அது சரி என்று பட்டுவிட்டது. ஒத்துக்கொண்டுவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

நீதிபதி கேட்டார்: "மச்சான் எங்க இருந்தாரு?"

"சைக்கிள்லங்கய்யா."

"சைக்கிள் மேல மச்சான். மச்சான் மேல விளக்கு. அப்ப விளக்கு சைக்கிள் மேலதானே?"

மச்சானால் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. "ஆமாங்கய்யா, கேரியர்ல உக்காந்துகினு நான்தான் வுடாம புடிச்சுகினு வந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் சைக்கிள் மேல் இருந்தோம் என்று கோர்ட்டில், நீதிபதி முன்னால், இருபது பேர் கேட்க அவரே சொல்லிவிட்டார். போலீஸ்காரர் முகம் மலர்ந்தது.

"அய்யா, அது டபுள்ஸ்."

கோர்ட் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விளக்கை நிரூபிக்க நிரூபிக்க டபுள்ஸும் கூடவே நிரூபணம் ஆகியிருக்கிறது. இருபது போய் இருபத்தைந்து. வேலையும் போச்சு. ஆறு வருடம் போச்சு. பெருங்களத்தூருக்கே குடி போய்விடலாமா என்று தோன்றியது.

நீதிபதி கிளார்க்கைக் கேட்டார். "கேஸ்ல டபுள்ஸ் இருக்கா?"

"இல்லீங்கய்யா. விளக்கு இல்லைன்னு ஒண்ணுதான்."

"ஏன் எழுதலை?" இது போலீஸ்காரரைப் பார்த்து.

போலீஸ்காரர் தரையைப் பார்த்தார். பண்டிகைப் பழக்கத்தை எந்தக் கோர்ட்டில் சொல்ல முடியும்? "பண்டிகை நேரம்ங்கய்யா" என்றார் கடைசியில், மெதுவாக.

நீதிபதிக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு தும்மல் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "எழுதாத குத்தத்துக்கு நான் தண்டனை கொடுக்க முடியாது. எழுதின குத்தம் நடக்கலை. போகலாம்." பிறகு மச்சானைப் பார்த்து, "அதை அணைச்சுட்டுப் போங்க" என்றார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். விளக்குக்காக இருபது ரூபாய் போடப்பட்ட பால்காரர். "அய்யா, எனக்கும் வெளிச்சம் இருந்துதுங்க. வாயில பீடி எரிஞ்சுகினு இருந்துச்சு."

நீதிபதி அதையும் தள்ளிவிடவில்லை, கொஞ்சம் யோசித்தார். "அதை எதிர்ல வந்தவன் பார்த்தானா?"

"எதிர்ல இவரு வந்தாருங்க" என்று போலீஸ்காரரைக் காட்டினார். "பக்கத்துல வந்தப்புறம்தான் பாத்தாரு. நெருப்பு கேட்டாரு."

"அப்ப அது விளக்கு இல்லை. ஃபைனைக் கட்டு."

வெளியே வந்ததும் போலீஸ்காரர் எங்களிடம் வந்தார். "அடுத்த வருஷம் டபுள்ஸ்தான் எழுதுவேன்" என்றார். அதோடு சரி. டீ வாங்கிக் கொடுத்தோம், குடித்தார்.

பாரத்தில் பன்னிரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். எழுதியபின் இரண்டு நாள் தூக்கம் இல்லை. வெறும் 'இல்லை'யை யாராவது சந்தேகப்பட்டால்? தீர்ப்பு நகல் கேட்டு மனுப் போட்டு வாங்கி அதையும் பாரத்தோடு குத்தி அனுப்பினேன். சூப்பிரண்டு அம்மா கூப்பிட்டார்.

"இல்லைன்னு எழுதியிருக்கே. அப்புறம் எதுக்குய்யா கோர்ட் தீர்ப்பைக் கூட வெச்சே?"

"இல்லைங்கிறதுக்கு ஆதாரம் மேடம்."

கேட்காத ஆதாரத்தை என்ன செய்வது என்று மேலே யாருக்கும் தெரியவில்லை. ஃபைல் மூன்று மாடி ஏறி இறங்கியது. மற்றவர்களுக்கெல்லாம் ஆர்டர் வந்து நான்கு மாதம் கழித்து எனக்கு வந்தது. வந்தது, அவ்வளவுதான் வேண்டும்.

பேட்டரியைக் கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்று மாலையே கடையில் கொடுத்தேன். பதினெட்டு நாளுக்கு நூற்றெட்டு ரூபாய். கட்டிவிட்டு, ஒரு வாரம் பொறுத்து, மச்சானிடம் அவருடைய பாதியைக் கேட்டேன்.

"எந்தப் பாதி?" என்றார்.

"வாடகையில பாதி தர்றேன்னு சொன்னீங்களே மச்சான். வார்த்தைன்னா வார்த்தைன்னீங்களே."

"எங்க எழுதிக் கீது?"

நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன்.

"ஜட்ஜ் அய்யா இன்னா சொன்னாரு? எழுதாததுக்குத் தண்டனை கெடையாது. நீயும்தானே நின்னு கேட்டுகினு இருந்தே."

"அவர் எதுக்காகச் சட்டம் போட்டாங்கன்னும் பாத்தாரே. நீங்க எதுக்காகச் சொன்னீங்கன்னு நான் பாக்க வேணாமா?"

"அது விளக்குக்கு மச்சான். இது வாடகைக்கு."

இந்த வழக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டில் விசாரணைக்கு வரும். தங்கை தீர்ப்பு சொல்ல மறுத்துவிட்டாள். ஒருவர் அண்ணன், ஒருவர் புருஷன், எனக்கு அதிகாரம் இல்லை என்று கேக்கை வெட்டப் போய்விடுவாள். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், பென்ஷன் வருகிறது, மச்சானுக்குச் சொந்தப் பட்டறையே இருக்கிறது. போன வருடம் கேட்டபோதும் எழுத்தில் காட்டு என்றார். அதனால்தான் இப்போது எழுதிவிட்டேன். மச்சான் தர வேண்டிய பாக்கி: ஐம்பத்து நான்கு ரூபாய்.